பாட்டி எழுதிய சமையல் நோட்டு: பரணில் தூங்கலாமா?

பல வீடுகளில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும். தாள்கள் பழுப்பு ஏறியிருக்கும். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்திருக்கும். உள்ளே பாட்டியோ, பாட்டியின் மாமியாரோ எழுதி வைத்த சமையல் குறிப்புகள் இருக்கும்.

அந்த நோட்டு இப்போது எங்கே? பரணில் இருக்கிறது. அல்லது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது!

ஏன் இப்படி ஆகிறது? பேரப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. எழுத்துக்கள் தெரிகின்றன. பொருள்தான் விளங்கவில்லை. ‘மிளகு க பலம்’ என்றால் என்ன? ‘காலணாவுக்குக் கொத்தமல்லி’ என்றால் எவ்வளவு? ‘காரம்’ என்று எழுதியிருக்கிறதே, அது மிளகாயா, வேறு ஏதாவதா? இரண்டு பக்கம் புரட்டுகிறார்கள். மூடி வைத்துவிடுகிறார்கள்.

இது பெரிய நஷ்டம். அந்த நோட்டைப் படிக்க முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். இன்றைக்கே கேட்க வேண்டும்!

ஜெகதளாவில் ஒரு பாடம்

நீலகிரி மலையில், குன்னூரை அடுத்து, அருவங்காட்டுக்குப் பக்கத்தில் ஜெகதளா இருக்கிறது. படுகர்கள் வாழும் பழைய ஊர். இன்று பேரூராட்சி. ஹெத்தையம்மன் திருவிழாவை விமரிசையாகக் கொண்டாடும் ஊர்களில் இதுவும் ஒன்று.

இந்த ஊரின் பெயரே ஒரு படிப்பினை. 1850-களில் வெள்ளைக்காரர்கள் இதன் அருகே பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டினார்கள். ஊர்ப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. காதில் விழுந்தபடி ‘ஜக்கதல்லா’ என்று எழுதினார்கள். பின்னால் அந்தப் பட்டாள முகாமுக்கு ‘வெல்லிங்டன்’ என்று பெயர் மாறியது. இன்று பழைய கடிதத்தில் ‘ஜக்கதல்லா’ என்று படிப்பவர், அப்படி ஓர் ஊர் எங்கே என்று தேட வேண்டியதுதான்!

ஊர்ப் பெயருக்கு நேர்ந்தது சமையல் சாமான்களுக்கும் நேர்கிறது.

படுக மொழிக்கு என்று தனி எழுத்து வழக்கில் வளரவில்லை. தமிழ் படித்தவர்கள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதினார்கள். கன்னடம் படித்தவர்கள் கன்னட எழுத்தில் எழுதினார்கள். அதனால் ஒரு படுகர் வீட்டுப் பாட்டி தம் கைப்பட எழுதிய குறிப்பு, பார்வைக்குத் தமிழ் போலவே இருக்கும். படித்தால் தலை சுற்றும்.

‘துப்ப ஒரு கரண்டி’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மட்டும் தெரிந்தவர் என்ன நினைப்பார்? “ஐயையோ, துப்புவதா!” என்று முகம் சுளிப்பார். ‘துப்ப’ என்றால் நெய்!

‘மாசு உடி இரண்டு கரண்டி’ என்று அடுத்த வரி. மாசு என்றால் அழுக்கு அல்லவா? இங்கே அப்படி இல்லை. ‘மாசு ஹுடி’ என்பது படுகர் வீடுகளில் இடித்து வைக்கும் மசாலைப் பொடி. அந்தப் பொடி இல்லாமல் அவரை உதக்கா இல்லை. உதக்கா என்றால் குழம்பு.

‘அக்கி ஒரு படி’ என்று மூன்றாவது வரி. தமிழில் அக்கி என்பது உடம்பில் வரும் கொப்புள நோய். படுக மொழியில் அக்கி என்றால் அரிசி!

இதை எல்லாம் விளக்க வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எந்த அகராதியைப் புரட்டுவது என்றுகூடத் தெரியாது. 1992-ம் ஆண்டில் பால் ஹாக்கிங்ஸ் என்ற அறிஞரும், கிறிஸ்டியான் பிலோ ரெய்ஷூர் என்ற அம்மையாரும் சேர்ந்து படுக மொழிக்கு ஆங்கில விளக்கத்தோடு ஒரு பெரிய அகராதி வெளியிட்டார்கள். ஆனால் எந்த அகராதியும் ஒரு வீட்டு அடுப்பங்கரையின் வழக்கம் முழுவதையும் சொல்லிவிடாது.

ஒரு சின்னச் சாவி

ஒரு சாவி கிடைத்தால் பல பூட்டுகள் திறக்கும். இதோ அப்படி ஒரு சாவி.

தமிழில் ‘ப’ என்று தொடங்கும் பல சொற்கள், கன்னடத்திலும் படுக மொழியிலும் ‘ஹ’ என்று தொடங்கும். பால் அங்கே ஹாலு. பொடி அங்கே ஹுடி. பட்டி அங்கே ஹட்டி. ஊரைக் குறிக்கும் ஹட்டி இதுதான்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது அந்த ‘ஹ’ பல தடவை விழுந்துவிடும். ஹாலு ‘ஆலு’ ஆகிவிடும். ஹுடி ‘உடி’ ஆகிவிடும். ஹிட்டு ‘இட்டு’ ஆகிவிடும். இந்தி படித்த பேரன் ‘ஆலு’ என்பதைப் பார்த்தால் உருளைக்கிழங்கை வேக வைத்துவிடுவான். பாட்டி சொன்னதோ பால்!

இந்தச் சாவியைத் தெரிந்துகொண்டால் தமிழ் வீட்டுப் பிள்ளைகூட படுகர் வீட்டு நோட்டில் பாதியைப் படித்துவிடலாம். அண்டை வீட்டு மொழி எவ்வளவு நெருக்கமானது என்பதும் விளங்கும்.

விளைவதே நின்றுவிட்டால்?

சொல் விளங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பொருளே இன்று கிடைக்காமல் போயிருக்கலாம்.

நீலகிரியில் முன்பு சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி எல்லாம் பயிராயின. கொறளி என்ற சிறு தானியம் படுகர்களின் பழைய உணவு. கீரை விதையையும் தானியமாகச் சேர்த்து வைத்தார்கள். பிறகு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தன. அதன் பிறகு தேயிலை வந்தது. தானியம் விளைந்த மேடுகள் எல்லாம் தேயிலைத் தோட்டம் ஆகிவிட்டன.

இன்று ஒரு பெண் பாட்டியின் நோட்டில் ‘கொறளி’ என்று படிக்கிறாள். கடையில் கேட்கிறாள். கடைக்காரர் விழிக்கிறார். ‘கீரை இரண்டு படி’ என்று படிக்கிறாள். இலையைப் படியில் அளப்பார்களா என்று திகைக்கிறாள். பாட்டி எழுதியது விதையை!

இந்த இடத்தில்தான் நோட்டின் அருமை தெரிகிறது. வயலில் அழிந்த பயிர், நோட்டில் பெயராகவாவது நிற்கிறது. 2023-ம் ஆண்டை உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. சிறுதானியத்தை எப்படி ஊற வைப்பது, எப்படிக் குத்துவது, எவ்வளவு நேரம் வேக வைப்பது என்று தெரிந்தவர்கள் பாட்டிமார்களே. அவர்கள் எழுதிய நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டுச் சிறுதானிய மகிமையைப் பேசுவதில் என்ன பயன்?

ரோமாபுரியில் காணாமற்போன செடி

பண்டம் அழிந்து பெயர் மட்டும் நிற்பது நீலகிரியில் மட்டும் நடந்தது அல்ல.

பழைய ரோமாபுரியில் ‘சில்பியம்’ என்று ஒரு செடி இருந்தது. அதன் பிசினைச் சமையலில் விரும்பிச் சேர்த்தார்கள். வட ஆப்பிரிக்காவில் ஒரு பகுதியில் மட்டுமே அது விளைந்தது. ஆசைப்பட்டுப் பறித்துப் பறித்தே அது அருகிவிட்டது. நீரோ மன்னன் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது என்றும், அதை மன்னனுக்கே அனுப்பினார்கள் என்றும் பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்தார்.

அதற்குப் பதிலாக ரோமர்கள் எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? பெருங்காயம்! நம் ரசத்தில் மணக்கும் அதே பெருங்காயம்தான். ரோமர்களின் சமையல் நூலைப் படிக்கும் ஐரோப்பியருக்கு அந்தப் பிசினின் வாடை புரியாமல் இருக்கலாம். நம் வீட்டுத் தாய்மார்களுக்குச் சொன்னதும் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தில் சில களிமண் பலகைகள் இருக்கின்றன. பாபிலோன் தேசத்தில் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் எழுதியவை. முதலில் அவற்றை மருந்துக் குறிப்பு என்று நினைத்தார்கள். ஜான் பொத்தேரோ என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துப் பார்த்து, இவை சமையல் குறிப்புகள் என்று காட்டினார். அவற்றில் வரும் சில சாமான்கள் எவை என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒரே முடிவு இல்லை. காரணம் என்ன? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பாபிலோன் பாட்டியும் உயிரோடு இல்லை!

நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நம் பாட்டிமார் பலர் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுத்தே ஏமாற்றும்

பழைய நோட்டில் முதலில் எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

முன்பு தமிழில் எண்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. அவை எழுத்துக்களைப் போலவே இருக்கும். ‘க’ போல இருந்தால் ஒன்று. ‘உ’ போல இருந்தால் இரண்டு. ‘ச’ போல இருந்தால் நான்கு. ‘எ’ போல இருந்தால் ஏழு. ‘அ’ போல இருந்தால் எட்டு. ‘வ’ போல இருந்தால் கால். ஆகவே ‘மிளகு க பலம்’ என்றால் மிளகு ஒரு பலம். ‘ஏலம் உ’ என்றால் இரண்டு ஏலக்காய். அது பிள்ளையார் சுழி அல்ல!

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்ற பயம். அந்தப் பழக்கம் காகிதத்திலும் சிலருக்குத் தொடர்ந்தது. குறில், நெடில் வேறுபாடும் சில கைகளில் இராது. ‘தென் ஒரு கரண்டி’ என்று இருந்தால் அது தேன். ‘கொதுமை’ என்றால் கோதுமை.

1978-ம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன. கடலை, இலை, உருளைக்கிழங்கு ஆகிய சாதாரணச் சொற்களில்கூட இன்றைய பள்ளிப் பிள்ளை தடுக்கி விழுவது இதனால்தான். வீட்டில் 60 வயது தாண்டிய ஒருவரை உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் பழக்கிவிடுவார்.

பலம், ஆழாக்கு, காலணா

அடுத்தது அளவு. 1958 முதல் கிராமும் கிலோவும் படிப்படியாக வந்தன. அதற்கு முன் எழுதிய நோட்டுகளில் பழைய கணக்குதான் இருக்கும். கிராம் வந்த பின்பும் பல பாட்டிமார் பழைய கணக்கை விடவில்லை!

ஒரு ரூபாய் எடை, அதாவது ஒரு தோலா, ஏறத்தாழ 11½ கிராம். மூன்று தோலா ஒரு பலம். அதாவது 35 கிராம். ஒரு பலத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு வராகனெடை. அது 3½ கிராம். 40 பலம் ஒரு வீசை. அது 1,400 கிராம்.

முகத்தல் அளவில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. சென்னைப் படியில் ஓர் ஆழாக்கு என்பது ஏறத்தாழ 200 மில்லி. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. பெரிய படியும் உண்டு, சின்னப் படியும் உண்டு. ஆகையால் பாட்டி பிறந்தது எந்த ஊர், வாழ்க்கைப்பட்டது எந்த ஊர் என்று கேட்க வேண்டும். பழைய படி வீட்டில் இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிடலாம்.

‘காலணாவுக்குக் கொத்தமல்லி’ என்பது இன்னும் வேடிக்கை. அது விலை! ஒரு ரூபாய்க்கு 64 காலணா. 1957-ம் ஆண்டில் நயா பைசா வந்ததும் அந்தக் கணக்கு போய்விட்டது. அன்றைக்கு அந்தச் சந்தையில் காலணாவுக்கு எத்தனை கட்டு கொடுத்தார்கள் என்பதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். அவர் கையை விரித்து, “இவ்வளவு” என்று காட்டுவார். அதுதான் கணக்கு!

ஒரே பெயர், வேறு பொருள்

எழுத்தும் அளவும் தெரிந்துவிட்டன. இனிதான் முக்கியமான கண்டம். பெயர்!

‘பெங்களூர்க் கத்திரிக்காய்’ என்று இருந்தால் கத்திரிக்காய் வாங்கக் கூடாது. அது சௌசௌ. நீலகிரியில் அதையே மேரக்காய் என்பார்கள். ‘அஸ்கா’ என்றால் வெள்ளைச் சர்க்கரை. அந்நாளில் சென்னை ராஜதானியில் இருந்த கஞ்சம் ஜில்லாவில் அஸ்கா என்ற ஊரில் சர்க்கரை ஆலை இருந்தது. ஊர்ப் பெயர் சர்க்கரைக்குப் பெயர் ஆகிவிட்டது. ‘அன்னாசிப்பூ’ அன்னாசிப் பழத்தின் பூ அல்ல. அது நட்சத்திரம் போன்ற ஒரு மசாலைக் காய். ‘கல்பாசி’ வேறு, ‘கடல்பாசி’ வேறு, ‘பாசிப்பயறு’ வேறு. முதலாவது கறி மசாலையில் சேரும். இரண்டாவதைக் காய்ச்சினால் கூழாக உறையும். மூன்றாவது பருப்பு. ‘லவங்கம்’ என்றால் கிராம்பு. ‘லவங்கப்பட்டை’ என்றால் கருவாப்பட்டை.

நீலகிரியில் இன்னொரு வகை நோட்டும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பலர், 1964-ம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா வந்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக் குறிப்பில் ‘செத்தல்’ என்று இருக்கும். யாரும் சாகவில்லை! செத்தல் என்றால் காய்ந்த மிளகாய். ‘கொச்சிக்காய்’ என்றாலும் மிளகாய்தான். ‘மாசி’ என்றால் காயவைத்த மீன். மாதப் பெயர் அல்ல. ‘றம்பை’ என்பது மணத்துக்காகச் சேர்க்கும் நீண்ட இலை. ‘பாண்’ என்றால் ரொட்டி.

ஒரே மலையில் படுகர் வீட்டு நோட்டு ஒரு விதம். இலங்கையில் இருந்து வந்தவர் வீட்டு நோட்டு ஒரு விதம். கோவையில் இருந்து மலை ஏறியவர் வீட்டு நோட்டு இன்னொரு விதம். மூன்றையும் படிக்கத் தெரிந்தவனுக்கு நீலகிரியின் சரித்திரமே தெரிந்துவிடும்.

விளையாட்டு அல்ல, விஷம்!

பெயரைத் தப்பாகப் படித்தால் ருசிதானே கெடும் என்று சிலர் நினைக்கலாம். உயிரே போகலாம்!

இனிப்புப் பலகாரக் குறிப்பில் ‘கற்பூரம் ஒரு சிட்டிகை’ என்று இருக்கும். அது பச்சைக் கற்பூரம். அதையும் மிகக் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். சாமி முன் கொளுத்தும் சூடத்தைப் போட்டால் நஞ்சு. குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. எழுதிய காலத்தில் ‘பச்சை’ என்று சொல்லத் தேவை இல்லை. அடுப்படியில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். இன்று சொல்லியே ஆக வேண்டும்.

அப்பளக் குறிப்பில் ‘காரம்’ என்று இருந்தால் அது மிளகாய் அல்ல. மாவைப் பக்குவப்படுத்தும் அப்பளக் காரம். இதைத் தெரியாமல் ஒருவர் மிளகாய்த் தூளைக் கொட்டுவார். இன்னொருவர் நாட்டு மருந்துக் கடையில் ‘காரம்’ என்று கேட்பார். கடைக்காரர் வெண்காரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால்? வெண்காரம் உணவில் சேர்க்கத் தகாத பொருள்.

கிழங்கு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பார்க்க அழகு. கிழங்கோ கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதைத் தின்று உயிர் இழந்தவர்கள் உண்டு. ஆகையால் நோட்டில் இருக்கும் காட்டுக் கிழங்கு, காட்டுக் கீரைப் பெயர்களை வைத்துக்கொண்டு ஊகத்தில் இறங்கவே கூடாது. அந்தச் செடியைக் கண்ணால் பார்த்து, கையால் பறித்துப் பழகிய பெரியவர் காட்டினால்தான் சமைக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படித்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழ்த் தாத்தா காட்டிய வழி

தெரியாத இடத்தை என்ன செய்வது? உ.வே. சாமிநாதையர் வழி காட்டியிருக்கிறார்.

அவர் 1889-ம் ஆண்டில் பத்துப்பாட்டை அச்சிட்டார். அதில் குறிஞ்சிப்பாட்டு ஒன்று. பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் பாட்டு. அவரிடம் இருந்த ஏடுகளில் சில பூக்களின் பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன. தாமே ஒரு பூவின் பெயரை எழுதி இட்டு நிரப்ப அவருக்கு மனம் வரவில்லை. தேடினார். அலைந்தார். முடிவில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. மூன்று பூக்களுக்காக அவ்வளவு பாடு!

சமையல் நோட்டுக்கும் அதே நியாயம்தான். விளங்காத சொல்லை விளங்கவில்லை என்று குறித்து வைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒன்றை அங்கே நுழைக்கக் கூடாது. கொறளிக்குப் பதில் சாமை போட்டுச் சமைக்கலாம். தப்பில்லை. ஆனால் ‘கொறளி கிடைக்காததால் சாமை’ என்று பக்கத்தில் எழுத வேண்டும். கொறளியை அடித்துவிட்டுச் சாமை என்று எழுதினால், நம் பேரப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாமல் போய்விடும்.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துச் சமையல் குறிப்புகள் மராட்டிய மொழியில் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் இருந்தன. ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரில் அச்சிலும் வந்துவிட்டன. மன்னர் வீட்டுச் சமையலுக்கு நூல்நிலையம் காவல். நம் வீட்டுச் சமையலுக்கு யார் காவல்? நாமேதான்!

பிழையைத் திருத்தாதீர்கள்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய நோட்டைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். “பாட்டிக்கு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரியவில்லையே!” என்கிறார்கள்.

அந்தப் பாட்டிக்கு யார் பள்ளிக்கூடம் காட்டினார்கள்? ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! கல்யாணத்துக்குப் பின் கணவரிடமோ, பள்ளி செல்லும் பிள்ளையிடமோ எழுத்துக் கற்றவர்கள் எத்தனை பேர்! பகல் எல்லாம் தேயிலை கிள்ளிவிட்டு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதியவர்களும் உண்டு. பத்திரம், ரசீது, மனு எல்லாம் ஆண்கள் எழுதினார்கள். பெண்கள் தம் கையால் எழுதி மிஞ்சியது பல வீடுகளில் இந்த நோட்டு ஒன்றுதான்.

அதில் உள்ள பிழையும் பயன் தருவது. அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே எழுதியிருக்கிறார். ‘எண்ணை’ என்றும் ‘வெங்காயந்தாள்’ என்றும் படிக்கும்போது அவர் குரலே கேட்கும். எந்த ஊர்ப் பேச்சு என்பது தெரியும். சாமான் எது என்று கண்டுபிடிக்கவும் அதுவே துப்பு. திருத்தி எழுதினால் துப்பு போய்விடும். குரலும் போய்விடும்.

“இப்போதுதான் கைப்பேசியில் எல்லாச் சமையலும் வருகிறதே, இந்த நோட்டு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசியில் வருவது ஊருக்குப் பொதுவான குழம்பு. உங்கள் வீட்டுக் குழம்பு அதில் இராது. குழந்தை பெற்றவளுக்கு உங்கள் வீட்டில் என்ன கொடுத்தார்கள், காய்ச்சல் கண்டவனுக்கு என்ன கஞ்சி வைத்தார்கள், பஞ்சம் வந்தபோது எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

வேலை பெரிது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. நோட்டை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். கறை படிந்த பக்கத்தையும் விடாதீர்கள். எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ, அதுதான் அடிக்கடி செய்த பலகாரம்!

2. வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்து, உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொல் காதில் விழுந்தால் விளங்கிவிடும்.

3. அவர் சொல்லும் விளக்கத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். பழைய நோட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள்.

4. பலம், ஆழாக்கு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கிராமும் மில்லியும் எழுதுங்கள்.

5. ஒரு சாமான் எது என்று சந்தேகம் வந்தால், அதே நோட்டில் அந்தப் பெயர் வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள். பாயசத்திலும் வந்து, லட்டிலும் வந்தால் அது இனிப்புக்கு உரிய பண்டம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு விளக்கம் சொல்லும்.

6. முதலில் கொஞ்சமாகச் சமைத்துப் பெரியவருக்கு ஊட்டுங்கள். “இது அல்ல” என்று அவர் நாக்கு சொல்லிவிடும். அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. ஆனால் பெயர் தெரியாத செடி, கிழங்கு, மருந்துச் சரக்கு எதையும் இப்படிச் சோதிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்று சமைக்கும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் தங்கள் குறிப்பை எழுத வேண்டும். “ஒரு பாக்கெட் மசாலா” என்று எழுதினால் 50 ஆண்டு கழித்து யாருக்குப் புரியும்? பாக்கெட்டும் இராது, கம்பெனியும் இராது. உள்ளே என்ன இருந்தது, எத்தனை கிராம் என்று எழுதுங்கள். டால்டா டப்பா அளவு என்று அம்மா எழுதியதைக் கண்டு இன்று நாம் விழிக்கிறோமே, அந்தத் தொல்லை நம் பேரப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நோட்டு இருக்கிறது. படிக்க வழி இருக்கிறது. சொல்லிக் கொடுக்கப் பாட்டியும் இருக்கிறார். இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கும் காலம் அதிகம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள்!